முன்னே நெரிசல்

காருக்கு ஒரு டச் ஸ்கிரீன் பெட்டி வாங்குவதில் நம்பிராஜன் காட்டிய அக்கறையில் கால்வாசியை மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதில் காட்டியிருந்தால் பகவதிக்கு எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும். மாப்பிள்ளை வீட்டை விசாரித்தது, போய்ப் பார்த்தது, பேசி முடித்தது எல்லாம் அவள்தான். அவர் நிச்சயதார்த்தத்தன்று வந்து உட்கார்ந்து, அல்வா நல்ல பதம் என்று சொன்னதோடு சரி. ஆனால் பெட்டி என்றதும் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். திரை எத்தனை அங்குலம், வெயிலில் எழுத்து தெரியுமா, ரிவர்ஸ் கேமரா சேர்த்துத் தருவானா, ஸ்டியரிங்கில் இருக்கிற பொத்தான்கள் இதற்கும் வேலை செய்யுமா என்று சாப்பாட்டு இலை முன்னாலும் அதே பேச்சு.

மாற்றாமல் தீராது என்பதும் உண்மைதான். பழைய பெட்டியின் திரையில் வலது மூலை செத்துப்போயிருந்தது. பாட்டை மாற்றும் பொத்தான் அந்த மூலையில்தான் இருந்தது. அதனால் ஆடி மாதத்திலிருந்து அந்த வண்டியில் ஒரே அம்மன் பாட்டு. வருகிற தையில் மகள் வதனிக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டாரை ஏற்றிக்கொண்டு போகவேண்டிய வண்டி. அந்தப் பாட்டில் அவர்களில் யாருக்காவது சாமி வந்துவிட்டால் யார் பதில் சொல்வது?

பகவதி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுக்கும் அவள்தான் டீச்சர் என்று பெருமாள்புரத்தில் பேசிக்கொள்வார்கள். நம்பிராஜன் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். சண்டை நடக்கிற இடத்தில் செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து போய்விடுவார். இப்படி ஒரு சாதுவான புருஷன் கிடைக்க என்ன கொடுத்துவைத்தாயோ என்று பகவதியிடம் சொல்லாத உறவுக்காரர் கிடையாது. அவளும் அதை நம்பித்தான் இருந்தாள்.

அவருக்குப் பெட்டிக் கவலை என்றால் அவளுக்கு மாமன் கவலை. கல்யாணப் பெண்ணின் கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிவர வேண்டியவன் தாய்மாமன். மாலை எடுத்துக் கொடுப்பவனும் அவன்தான். பகவதிக்கு ஒரே தம்பி, சிவசைலம். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அம்மா வேலைக்குப் போக, அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவள் அவள். அந்தச் சைலத்தோடு அவளுக்கு மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அம்மாவின் வருஷத் திவசத்துக்கு அவன் தாமதமாக வந்தான். சொந்தக்காரர்கள் எல்லாம் பசியோடு காத்திருந்தார்கள். பகவதி அத்தனை பேர் முன்னாலும் வகுப்பில் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டாள். "நீ ஒண்ணும் எனக்கு அம்மா இல்ல" என்றான் அவன். "அப்ப இனி உன் வாசலை நான் மிதிக்கல" என்றாள் இவள். அதோடு போயிற்று.

இந்த மாதிரிச் சண்டைக்கு அந்த ஊரில் ஒரு முறை உண்டு. மிதிக்கமாட்டேன் என்று சொன்னவர் வலியப் போய்ப் படியேறக்கூடாது. அந்தச் சொல்லைக் கேட்டவரும் கூப்பிடமாட்டார். ஆனால் கோயிலிலோ கடையிலோ சாவு வீட்டிலோ இருவரும் எதேச்சையாக எதிரெதிரே பட்டுவிட்டால், "எப்படி இருக்கே?" என்று ஒருவர் ஆரம்பித்துவிடலாம். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. அங்கே சண்டைகள் தீர்ந்ததெல்லாம் அப்படித்தான். கொத்தமல்லி வாங்கப் போனால் நாலு சொந்தக்காரரைப் பார்க்காமல் திரும்பமுடியாத ஊரில் எந்தச் சண்டைதான் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும்?

இவர்கள் சண்டைக்கு மட்டும் அந்த எதேச்சை வரவேயில்லை. ஆனித் தேரோட்டத்துக்குப் போனால் அவன் இப்போதுதான் போனான் என்றார்கள். சித்தப்பா இறந்த வீட்டில் அவன் வைத்த மாலை இருந்தது, அவன் இல்லை. பகவதி வெட்கத்தை விட்டு எதேச்சையைத் தானே உண்டாக்கவும் பார்த்தாள். சைலம் சனிக்கிழமை மதியம் பாளை மார்க்கெட்டில் தன் கடையைச் சாத்திவிட்டு, வண்ணாரப்பேட்டை சிக்னல் தாண்டி, ஆற்றுப் பாலத்தில் ஏறித் தச்சநல்லூர் வீட்டுக்குச் சாப்பிடப் போவான். அந்த நேரம் பார்த்து அவளும் அந்த வழியாக வண்டியை விடுவாள். சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டி சொல்லும்: "முன்னே நெரிசல். இடப்புறம் திரும்பவும்." மேலப்பாளையத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம்பிராஜன், "உன் தம்பி கண்ணுலயே பட மாட்டேங்கானே" என்று உச்சுக்கொட்டுவார்.

பெட்டி சொல்வதை அப்போதெல்லாம் யாரும் தட்டுவதில்லை. சாலையில் ஓடுகிற எல்லா வண்டிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவேண்டும் என்று சட்டம் வந்து பல வருஷமாகியிருந்தது. நான் இங்கே வருகிறேன், நீ எங்கே நிற்கிறாய் என்று காரும் லாரியும் ஸ்கூட்டரும் ஓயாமல் குசலம் விசாரித்துக்கொள்ளும். விபத்து வெகுவாகக் குறைந்திருந்தது. அப்படிப்பட்ட பெட்டி நெரிசல் என்று சொன்னால் நெரிசல்தான்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் முருகன்குறிச்சியில் மசூது பாய் கடைக்கு வந்தார்கள். மசூது ஐம்பதைத் தாண்டியவர், வண்டிக்கு ஸ்டீரியோ மாட்டியே காது கொஞ்சம் மந்தமானவர். மேஜைமேல் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தார். ஒன்று காப்பித் தட்டு அகலத்துக்கு இருந்தது. அதை மாட்டினால் ஏ.சி. வரும் ஓட்டை மூடிக்கொள்ளும். இன்னொன்றில் சத்தம் கணீரென்று இருந்தது, ஆனால் அவர்கள் வண்டிக்கு அதன் ஃபிரேம் பொருந்தாது. மூன்றாவது நடுவாந்தரம்.

"இதை எடுத்துக்கிடுங்க மேடம். இதுல ஒரு விசேஷம் உண்டு" என்றார் மசூது. "நமக்குச் சில பேரு மூஞ்சில முழிக்கவே பிடிக்காது, இல்லையா? அவங்க வண்டி நம்பரை இதுல ஏத்திட்டாப் போதும். அவங்க இந்தத் தெருவுல வந்தா நம்ம வண்டியை அடுத்த தெருவுல திருப்பிரும். ஜென்மத்துக்கும் எதுக்க பட மாட்டாவ. விலகல்னு பேரு."

பகவதி சிரித்தாள். "நல்லாருக்கே. அவங்க எங்க வாராங்கன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் எல்லா வண்டியும் பேசிக்கிடுதே. வண்டிக மோதாம இருக்கதுக்கு வச்ச ஏற்பாடு. மனுஷங்களும் மோதாம இருக்கட்டுமேன்னு கம்பெனிக்காரன் யோசிச்சிருக்கான். நிறுத்தி வச்ச வண்டியைக் கண்டுக்கிடாது. ஓடுற வண்டியை மட்டும்தான் விலக்கும். இல்லேன்னா ஊரையே சுத்தணும்லா?"

"ஓட்டுறவங்களுக்கு என்னன்னு சொல்லும்?"

"முன்னே நெரிசல்னு சொல்லும். அவ்வளவுதான்."

பகவதியின் சிரிப்பு நின்றது. "அந்தப் பக்கத்து ஆளுக்கு?"

"அவங்களுக்கும் அதேதான். யாரு ஏத்தினாலும் ரெண்டு வண்டியையும் விலக்கும். ஒரு பக்கம் எடுத்தாலும் மறுபக்கம் வச்சிருந்தா வச்சதுதான். ஆனா ஏத்தினவங்களுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அதுதானே மேடம் மரியாதை? மூஞ்சிக்கு நேரா சொன்னாத்தான மனவருத்தம்."

"இது புதுசா வந்ததா?"

"இல்லையே, நாலஞ்சு வருஷமாச்சு. யாரும் வெளிய சொல்லிக்கிட மாட்டாவ."

நம்பிராஜனின் கையிலிருந்த டீ சட்டையில் சிந்தியது. அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அத்தனை நெரிசல்களும் பகவதியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. தேரோட்டத்தன்று நெரிசல். சித்தப்பா சாவுக்குப் போகும்போது நெரிசல். ஒவ்வொரு சனிக்கிழமையும் நெரிசல். அவன் ஏற்றியிருக்கிறான். சண்டை போட்டதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அன்றைக்கு அவன் முகத்துக்கு நேரே சொன்னான், அவளும் முகத்துக்கு நேரே சொன்னாள். ஆனால் இது என்ன? வாசலில் கோலம் போட்டு வைத்துவிட்டுப் பின்கதவைச் சாத்துகிற வேலை அல்லவா? எதிரே வந்துவிடமாட்டானா என்று ஏங்கிக்கொண்டு இவள் பாலத்துக்கு வண்டி ஓட்டியதை அவன் வீட்டில் உட்கார்ந்து பார்த்துச் சிரித்திருப்பானோ என்று நினைத்தபோது அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது.

"பத்திரிகையில அவன் பேரை அடிச்சாச்சே" என்றாள் கணவரிடம் மெதுவாக. தாய்மாமன் சிவசைலம் என்று நம்பிக்கையோடு அச்சடித்த பத்திரிகை அவள் கைப்பையிலேயே இருந்தது, எங்காவது எதிரே பட்டால் கொடுத்துவிட.

"வள்ளியூர்ச் சித்தப்பா மகன் இருக்கானே, அவனை நிறுத்திக்கிடலாம்" என்றார் நம்பிராஜன்.

ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்கத் தீபாவளியிலிருந்து முழித்துக்கொண்டிருந்த மனிதர் ஒரு தாய்மாமனை மூச்சுவிடுகிற நேரத்தில் தேர்ந்தெடுத்துவிட்டார். பகவதி அவரை ஒருமுறை பார்த்தாள். அவர் டீக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டித் தாரேன், ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று மசூது பழைய பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த நடுவாந்தரப் பெட்டியைத் தற்காலிகமாகப் பொருத்தினார். "இது காட்டுறதுக்கு வச்சிருக்க பெட்டி. யார் பேர்லயும் ஏத்தல. உங்க வண்டின்னு இதுக்குத் தெரியாது, மத்த வண்டிக்கும் தெரியாது."

பகவதி ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தாள். மணி என்ன என்று பார்த்தாள். சைலம் கடை சாத்துகிற நேரம்.

"மேலப்பாளையம் பக்கம் ஓட்டிப் பாப்போமே. ரோடு நல்லாருக்கும்" என்றார் நம்பிராஜன்.

"பாலத்துப் பக்கம் போறேன்."

"அங்க கூட்டமா இருக்குமேட்டி."

"இருக்கட்டும்."

வண்ணாரப்பேட்டைக்கு முன்னால், எப்போதும் நெரிசல் என்று சொல்லும் இடத்தில், புதுப் பெட்டி "நேராகச் செல்லவும்" என்றது. சிக்னலில் சிவப்பு விழ, பகவதி வண்டியை நிறுத்தினாள். இடது பக்கத்தில், நம்பிராஜனின் ஜன்னலை ஒட்டி, ஒரு பச்சைக் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு சைலம் உட்கார்ந்திருந்தான்.

முன்நெற்றி ஏறியிருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். அது அவளுக்குத் தெரியாது. அவன் இந்தப் பக்கம் திரும்பினான், முகம் மலர்ந்தது, கையைத் தூக்கினான். சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி ஒரு தலையசைப்பு. பிறகு கொஞ்சம் உள்ளே, நம்பிராஜனுக்கு அந்தப் பக்கம், பகவதியைப் பார்த்தான். தூக்கிய கை அப்படியே நின்றது. பச்சை விழுந்ததும் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்க, இரண்டு வண்டியும் நகர்ந்தன.

பகவதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தில் ஏறாமல் வண்டியைத் திருப்பினாள். "கையைத் தூக்கினான், பாத்தீங்களா? சிரிச்சான்! ஏத்தினவன் கையத் தூக்குவானா? அவன் ஏத்தல. நான்தான் தப்பா நினைச்சிட்டேன் பாவம், என் தம்பிய."

நம்பிராஜன் "அதுவும் சரிதான்" என்றுகூடச் சொல்லவில்லை.

கடை வாசலில் இறங்கும்போது பகவதி இருபது வயதுப் பெண் மாதிரி இறங்கினாள். "இதையே மாட்டுங்க பாய். எங்க பேர்ல ஏத்திருங்க" என்றாள். மசூது பழைய பெட்டியை மேஜைமேல் வைத்து வயரைச் செருகி, அதிலிருந்து பாட்டு, போன் நம்பர்கள், வீட்டு விலாசம் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றத் தொடங்கினார். பாதியில் நிமிர்ந்தார்.

"இதுல விலகல் ரெண்டு இருக்கே மேடம். அதையும் புதுசுக்கு மாத்திரவா?"

"எதுல?"

"உங்க பழைய பெட்டிலதான்." அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "ஒண்ணு, உங்க போன் வண்டியில இருக்கும்போது. ஒரு பச்சைக் காரு, தச்சநல்லூர் விலாசம்."

பகவதி அதைப் படித்தாள். தன் வீட்டு வண்டிக்குள், தன் கைக்கு எட்டுகிற தூரத்தில், தினமும் அம்மன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெட்டிக்குள், தம்பியின் வண்டி நம்பர். அவள் மெல்லத் திரும்பினாள். நம்பிராஜன் எழுந்துபோகப் பார்த்தார், ஆனால் வழியை மறித்துக்கொண்டு அவள் நின்றாள்.

"உனக்காகத்தான் செஞ்சேன்" என்றார். "திவசம் முடிஞ்சு நீ அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். பிரஷர் ஏறி டாக்டர்ட்டப் போனோமே. அவனைப் பாத்தா மறுபடி வார்த்தை வளரும். கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் பாக்காம இருக்கட்டும்னு வச்சேன். அப்புறம் எடுக்கணும் எடுக்கணும்னு..."

"மூணு வருஷம் பக்கத்துல உட்காந்து உச்சுக்கொட்டுனீங்களே."

பகவதிக்குக் கோபம் வந்தது, ஆனால் அதற்குள்ளேயே எங்கோ ஒரு சமாதானமும் எட்டிப் பார்த்தது. பயந்த மனுஷன், சண்டை பொறுக்காத மனுஷன், கோழைத்தனமாக ஒன்றைச் செய்துவிட்டார், வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தம்பி தன்னை விலக்கவில்லை. அது போதும். பத்திரிகையை இன்றைக்கே கொடுத்துவிடலாம். எதேச்சையாக எதிரே பட்டாயிற்று; சிக்னலானால் என்ன, அதுவும் பொது இடம்தானே?

பிறகுதான் மசூது சொன்னது நினைவு வந்தது. "ரெண்டுன்னீங்களே பாய். இன்னொண்ணு யாரு?"

மசூது நம்பிராஜனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அது, சார் தனியா வண்டி எடுக்கும்போது. ஒரு ஸ்கூட்டர் நம்பர் மேடம்."

நம்பரைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. தினமும் பள்ளிக்கூடத்தில் நிறுத்துகிற வண்டியின் நம்பர், இங்கே வந்து என்ன செய்கிறது என்றுதான் தோன்றியது. அது அவளுடைய ஸ்கூட்டர்.

சிக்னலில் தூக்கிய கை அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்தக் கை அவளுக்காகத் தூக்கியதில்லை. மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிற ஆளைப் பார்த்து யாரும் சாப்பிட்டாச்சா என்று தலையசைப்பதில்லை. போன வாரம் பார்த்த ஆளைப் பார்த்துத்தான் அப்படிச் செய்வார்கள்.

"ஞாயித்துக்கிழமை" என்றாள். "ஆத்துக்குக் குளிக்கப் போறேன்னு காரை எடுத்துக்கிட்டுப் போவீங்களே."

நம்பிராஜன் தலையைக் குனிந்துகொண்டார்.

வாராவாரம் அவர் ஈரத்துண்டோடு வருவார். அவள் அதைப் பிழிந்து கொடியில் போடுவாள். ஆற்றில் குளித்தவனுக்குப் பசி காதை அடைக்கும். இந்த மனிதரோ வந்து இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவார். கணக்கு டீச்சருக்கு அந்தக் கணக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இடிக்கவில்லை. தம்பி வீட்டில் தின்றுவிட்டு, தம்பி வீட்டுக் குழாயில் துண்டை நனைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் அவள் ஸ்கூட்டரில் எதிரே வந்துவிடாதபடி பெட்டிக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

"எனக்கு ரெண்டு வீடும் வேணும் பகவதி. சண்டைதான் வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் சேந்தா ஒரு மாசம் நல்லாருப்பீங்க, அப்புறம் யாரு பக்கம் நிக்கப்போறேன்னு என்னைத்தான் கேப்பீங்க. இப்படியே இருந்தா யாருக்கும் தொந்தரவில்லை."

"அவனுக்குத் தெரியுமா? நான் வாராவாரம் பாலத்துக்குப் போறது அவனுக்குத் தெரியுமா?"

அவர் டீக்கறையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "சொன்னேன். இருக்கட்டும் அத்தான், இப்படியே நிம்மதியா இருக்குன்னான்."

மசூது டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று தெருவில் இறங்கிவிட்டார். பகவதிக்கு அழுகை வரவில்லை. புருஷன் ஒருபக்கம், வளர்த்த தம்பி ஒருபக்கம், இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அவளைப் பற்றி முடிவு செய்திருக்கிறார்கள். அவள் எந்தத் தெருவில் திரும்பவேண்டும் என்பதுவரை. அவளுக்கு மட்டும் நெரிசல்.

மசூது திரும்பி வந்ததும், "ரெண்டையும் எடுத்திருங்க. வண்டியை என் பேர்ல ஏத்துங்க" என்றாள்.

அவர் தட்டிவிட்டுச் சொன்னார்: "நம்ம பக்கம் சுத்தம் மேடம். இனிமே இது நெரிசல்னு சொன்னா நிஜமாவே நெரிசல். இல்லேன்னா அந்தப் பக்கத்துல வச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

பகவதி சாவியை எடுத்தாள். நம்பிராஜன் எழுந்தார். "தச்சநல்லூருக்கா? இரு, நானும் வாரேன். நான் முதல்ல போன் பண்ணிச் சொல்லிருதேன் சைலத்துக்கிட்ட..."

அவன் பேர் அந்த வாயில் அவ்வளவு பழக்கமாக வந்தது அவளை என்னவோ செய்தது. கழற்றி வைத்திருந்த பழைய பெட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். "நீங்க இங்கன இருந்து அம்மன் பாட்டு கேளுங்க."

பாலத்தைத் தாண்டி, ஜங்ஷனைத் தாண்டி, தச்சநல்லூர்ப் பாதையில் திரும்பும்வரை பெட்டி நல்ல பிள்ளையாக வழி சொல்லிக்கொண்டு வந்தது. சைலத்தின் தெருவுக்கு நேராகப் போகும் சாலையில் வண்டி ஏறியதும் சொன்னது: "முன்னே நெரிசல். இடப்புறம் திரும்பவும்."

பகவதி வண்டியை ஓரம் கட்டினாள். சாலை முழுக்க வெயில்தான் இருந்தது. வேலியோரம் ஒரு அம்மாள் பனங்கிழங்குக் கட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, முன்னால எதுவும் கூட்டமா?"

"கூட்டமா? காக்காகூட இல்ல தாயி. நேரா போ."

"முன்னே நெரிசல்" என்றது பெட்டி மறுபடி, அதே மரியாதையோடு. "இடப்புறம் திரும்பவும்."

அப்படியென்றால் போன் போயிருக்கிறது. சிக்னலில் அக்காவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவன், அத்தான் விஷயத்தைச் சொன்னதும், சாப்பாட்டுக்கு முன்னால் செய்த வேலை அவள் நம்பரைத் தன் பெட்டியில் ஏற்றிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியதுதான். இதுவரைக்கும் அத்தான் செய்தது, நான் சும்மா இருந்தேன் என்றாவது அவன் சொல்லிக்கொண்டிருக்கலாம். இப்போது அதுவும் போயிற்று. இந்நேரம் அவன் பெட்டி அவள் வருகிறாள் என்று அவனை எங்காவது திருப்பிவிட்டிருக்கும். அவள் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் அவன் அடுத்த தெருவில் ஓடிக்கொண்டிருப்பான்.

நிறுத்தி வைத்த வண்டியைக் கண்டுகொள்ளாது என்று மசூது சொன்னது ஞாபகம் வந்தது. பகவதி எஞ்சினை அணைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு நடந்தாள்.

சைலத்தின் வீட்டுக் கேட் ஆவென்று திறந்து கிடந்தது. கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. உள்ளே ஜன்னலில் ஒரு திரைச்சீலை ஆடி நின்றது. கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில், பகவதி காத்திருந்தாள். நடந்து வந்தவளை விலக்க எந்தப் பெட்டிக்கும் தெரியாது. நெரிசல் தீர்ந்துவிட்டது என்று அவன் பெட்டி அவனிடம் சொல்லியிருக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் பச்சைக் கார் திரும்பியது.

அவளைப் பார்த்ததும் அவன் வண்டியை அப்படியே நிறுத்தி இறங்கினான். எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. பசித்த முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் இவன் இன்னும் சாப்பிடவில்லை என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"அக்கா" என்றான். "உள்ள வாக்கா."

"வாசலை மிதிக்க மாட்டேன்னு சொன்னது நான். அந்தச் சொல்லு அப்படியே இருக்கட்டும்." பத்திரிகையை எடுத்து நீட்டினாள். "உன் பேரு அடிச்சிருக்கு. வந்து வதனி கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வா. மாலை எடுத்துக் குடு. அவளுக்கு மாமன் வேணும். அவ ஒரு தப்பும் செய்யல."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "நான் ஏத்தலக்கா. அத்தான்தான்..."

"இன்னைக்கு மத்தியானம் ஏத்தினது யாரு?"

சின்ன வயதில் பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிற மாதிரியே அவன் நின்றான்.

"நீ எனக்கு அம்மா இல்லன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னே சைலம். வலிச்சுது. ஆனா மறுநாளே மறந்திருப்பேன், நீ எதுக்க வந்திருந்தா. நான் வழியெல்லாம் உன்னைத் தேடிக்கிட்டுத்தான் போனேன். அது தெரிஞ்சே நீங்க ரெண்டு பேரும் உட்காந்து சோறு தின்னிருக்கீங்க." அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "நானும் மூஞ்சியைப் பாத்தே சொல்லிட்டுப் போறேன். கல்யாணம் முடியட்டும். அதுக்கப்புறம் என் நம்பர் உன் பெட்டியில இருக்கட்டும். எடுக்காத."

"அக்கா, அத்தான் எங்க?"

"கடையில இருக்காவ. ஞாயித்துக்கிழமை எப்பவும் போல இங்க வருவாவ. வந்தா அந்தத் துண்டை இங்கேயே காயப்போடச் சொல்லு."

அவள் திரும்பி நடந்தாள். வெயிலில் கண் கூசியது. பனங்கிழங்கு அம்மாள், "கூட்டம் எதுவும் உண்டா தாயி?" என்று கேட்டாள். இல்லை என்று பகவதி தலையாட்டினாள். வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டாள். அந்தத் தெருவில் தம்பியின் வண்டி இன்னும் உறுமிக்கொண்டுதான் நின்றிருக்கவேண்டும்; பெட்டிக்கு அது ஓடுகிற வண்டிதான்.

"முன்னே நெரிசல்" என்றது பெட்டி. "வலப்புறம் திரும்பவும்."

வெறிச்சோடிக் கிடந்த அந்தச் சாலையை அவள் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். பிறகு அது சொன்னபடியே திரும்பினாள்.